இடுப்பு அறுவையில் ஸ்க்ரூ எப்போது தேவை?

2016 ஏப்ரல் 14 தேதியிட்ட ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இடுப்புப் பகுதி முதுகெலும்பில் செய்யும் அறுவையைப் பற்றி இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. இரண்டின் கேள்வியும் ஏறக்குறைய ஒன்றுதான். வயதானவர்களுக்கு இடுப்பில் நரம்புகள் செல்லும் குழாய் சுருங்கிவிட்டது. பலருக்கு ஒரு முள்ளெலும்பு முன்புறமாகச் சற்று நழுவியும் இருக்கிறது. நரம்பை நெருக்கும் எலும்பையும் நாரையும் செதுக்கி எடுத்துவிட்டால் போதுமா? அல்லது ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து இரண்டு எலும்புகளையும் ஒன்றாக இணைக்கவும் வேண்டுமா? செதுக்கினால் போதும் என்றது ஸ்வீடனிலிருந்து வந்த ஆய்வு. இணைத்தால் கொஞ்சம் கூடுதல் பலன் உண்டு என்றது அமெரிக்காவிலிருந்து வந்தது. ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருந்தவர்கள் அனைவருக்கும் அன்று தம் பக்கத்துக்கு ஒரு சாட்சி கிடைத்தது.

நம் ஊரில் இடுப்பு அறுவை என்றதும் எழும் கேள்விகள் வேறு. லேசரா, கீஹோலா, எண்டோஸ்கோப்பியா? தையல் எத்தனை? மறுநாளே நடக்கலாமா? விளம்பரங்களும் இவற்றைத்தான் முன்னிறுத்துகின்றன. தழும்பின் நீளம் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் அதைப் பற்றிப் பேசுவது எளிது. ஆனால் அடுத்த பத்தாண்டுகளுக்கு ஒருவருடைய இடுப்பு எப்படி இருக்கப்போகிறது என்பதில் தழும்புக்குப் பெரிய பங்கில்லை. உள்ளே எதை எடுத்தார்கள், எதை விட்டுவைத்தார்கள், எலும்போடு எலும்பைப் பூட்டினார்களா என்பவற்றுக்குத்தான் அதில் பங்கு அதிகம்.

‘ஜவ்வு’ என்று பொதுவாகச் சொல்லப்படும் டிஸ்க், உடலில் ரத்த நாளமே இல்லாத திசுக்களில் மிகப் பெரியது. அதற்கு மேலும் கீழும் ஒட்டியிருக்கும் மெல்லிய தகடுகளின் வழியே ஊறிவரும் சத்தை நம்பித்தான் அதன் உயிரணுக்கள் வாழ்கின்றன. கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் தலைமையிலான குழு, ரத்தக் குழாயில் செலுத்திய மருந்து அந்தத் தகடுகளைத் தாண்டி டிஸ்க்குக்குள் எப்படி ஊறுகிறது என்பதை மணிக்கணக்கில் தொடர்ந்து எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களில் பதிவுசெய்தது. தகடு பழுதடைந்த டிஸ்க்கில் இந்த ஊற்றின் போக்கே மாறிவிடுகிறது என்று காட்டிய அந்த ஆய்வுக்கு, இடுப்பு முதுகெலும்பு ஆய்வாளர்களின் பன்னாட்டுச் சங்கம் 2004இல் தன் பரிசை வழங்கியது.

டிஸ்க் வற்றி உயரம் குறையும்போது அக்கம்பக்கமும் சேர்ந்து கெடுகிறது. இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே பின்புறம் இருக்கும் மஞ்சள் நார் தொய்ந்து, மடிந்து, தடிக்கிறது. பின்மூட்டுகள் பழக்கமில்லாத பாரத்தைத் தாங்கிப் புடைக்கின்றன. இரண்டும் சேர்ந்து நடுவிலுள்ள நரம்புக் குழாயை நெரிக்கின்றன. மூட்டின் குருத்தெலும்பு மிகவும் தேய்ந்துவிட்டால் மேல் எலும்பு கீழ் எலும்பின்மேல் முன்னோக்கி நழுவுகிறது. பெரும்பாலும் நான்காவது இடுப்பு முள்ளெலும்பு ஐந்தாவதன்மேல் நழுவும். மருத்துவ அறிக்கைகளில் எல்4, எல்5 என்று இருக்கும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு, இது அதிகம் வருகிறது.

கனடாவில் பணியாற்றிய கிர்கால்டி வில்லிஸ் இந்தச் சீரழிவை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். முதலில் இயக்கத்தில் கோளாறு, அடுத்து தளர்வு, கடைசியில் இறுக்கம். கடைசிக் கட்டத்தைப் பற்றி நோயாளிகளிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை. ஓரங்களில் எலும்பு முளைத்து, மூட்டு இறுகி, அசைவு தானாகவே அடங்கிவிடுகிறது. உடல் தனக்குத்தானே ஒருவகை இணைப்பு வேலையைச் செய்துகொள்கிறது என்றே சொல்லலாம். ஸ்க்ரூ வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்தின் ஆணிவேர் இதுதான்: நழுவிய எலும்பு இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறதா, அல்லது நழுவிய இடத்திலேயே இறுகி நின்றுவிட்டதா?

அறுவை முறைகளை ஒப்பிடுவதற்கு முன், எந்தத் துன்பத்துக்காக அறுவை என்பதைப் பிரித்தாக வேண்டும். ‘இடுப்புத் தேய்மானம்’ என்ற ஒரே பெயரின் கீழ் மூன்று வெவ்வேறு நோயாளிகள் வருகிறார்கள். முதலாமவருக்கு டிஸ்க்கின் உள்கூழ் பிதுங்கி ஒரு நரம்பை அழுத்துகிறது. புட்டத்திலிருந்து கால்விரல்வரை மின்சாரம் பாய்வதுபோல் ஒரு பக்கம் இழுக்கிறது. பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் 1934இல் விளக்கிய நோய் இது; அதற்கு முன் அந்தப் பிதுக்கத்தைக் கட்டி என்றே பலர் நினைத்திருந்தார்கள். மூன்றாமவருக்குக் காலில் ஒன்றுமே இல்லை. இடுப்பு மட்டும் ஆண்டுக்கணக்கில் வலிக்கிறது.

நடுவில் இருக்கும் இரண்டாமவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர், பெரும்பாலும் நாயகி. உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. எழுந்து தெருமுனைவரை நடந்தால் இரண்டு தொடைகளும் கெண்டைக்கால்களும் கனத்து, மரத்து, குடைய ஆரம்பிக்கும். எதையாவது பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து நின்றாலோ, ஒரு திண்ணையில் உட்கார்ந்தாலோ சில நிமிடங்களில் சரியாகிவிடும். மறுபடியும் நடந்தால் மறுபடியும் வரும். நூறடி நடக்க முடியாத அதே மனிதர் சைக்கிளில் ஏறினால் வெகுதூரம் மிதித்துவிடுவார். ஏனென்றால் கைப்பிடியை நோக்கிக் குனியும்போது சுருங்கிய குழாய் சற்று விரிகிறது, நிமிரும்போது குறுகுகிறது. காலில் ரத்த ஓட்டம் குறைந்து வரும் வலியிலிருந்து இதைப் பிரித்தறிய மருத்துவர்கள் இந்தச் சைக்கிள் கேள்வியைக் கேட்பதுண்டு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரைச் சேர்ந்த வெர்பீஸ்ட் 1954இல் இந்த நோயை எழுதிவைத்த பிறகுதான் இது தனி நோயாக அடையாளம் பெற்றது.

இந்தப் பிரிவினை முக்கியம், ஏனென்றால் ஸ்கேன் அதைச் செய்து தராது. 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம் பேர்தான். பாதிப்பேருக்கு மேல் எங்கேயோ ஒரு டிஸ்க் புடைத்திருந்தது. நாற்பது வயதுக்காரர் ஒருவரின் அறிக்கையில் ‘எல்4 எல்5 டிஸ்க் புடைப்பு, எல்5 எஸ்1 தேய்மானம்’ என்று இருந்தால், அது தலையில் நரை கண்டிருக்கிறது என்று எழுதுவதற்குச் சமமாகவும் இருக்கலாம், அவருடைய வலிக்குக் காரணமாகவும் இருக்கலாம். படத்தில் நெருக்கம் இருக்கும் பக்கமும், காலில் வலி ஓடும் வழியும், பரிசோதனையில் மரத்திருக்கும் இடமும் ஒரே நரம்பைச் சுட்டினால்தான் அந்தப் படத்துக்கு அறுவை மேசையில் மதிப்பு. படத்துக்கு அறுவை செய்வது என்று மருத்துவர்களே தங்களுக்குள் கிண்டலாகச் சொல்லிக்கொள்ளும் தவறு இன்றும் நடக்கிறது.

இனி அறுவைக்கு வருவோம். அழுத்தம் நீக்கும் அறுவையில் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, வயிறு அழுந்தாதபடி தாங்குகள் கொடுப்பார்கள். வயிறு அழுந்தினால் முதுகெலும்பைச் சுற்றிய சிரைகள் புடைத்து ரத்தம் அதிகம் கசியும். எக்ஸ்ரே கருவியால் சரியான எலும்புதானா என்று உறுதிசெய்துவிட்டு, நடுமுதுகில் சிறிதாகக் கீறி, தசையை எலும்பிலிருந்து விலக்குவார்கள். நுண்ணோக்கியின் கீழ், அதிவேகமாகச் சுழலும் சிறு துரப்பணத்தால் முள்ளெலும்பின் பின்தகட்டை மெலிதாக்கி, பறவை அலகு போன்ற இடுக்கியால் அணு அணுவாகக் கடித்து எடுப்பார்கள். அடியில் தடித்துக் கிடக்கும் மஞ்சள் நார் தெரியும். அதைப் பிரித்தெடுத்த பிறகு, அதுவரை நசுங்கிக் கிடந்த நரம்புறை மெல்ல விரிந்து இதயத் துடிப்போடு சேர்ந்து அசையத் தொடங்கும். அறுவையின் அந்த நிலைக்குக் கணிசமான பொறுமை வேண்டும். நார் உறையோடு ஒட்டியிருந்தால் உறை கிழிந்து தண்டுவட நீர் கசியக்கூடும். இந்த அறுவையின் வழக்கமான சிக்கல்களில் அது முதன்மையானது. பெரும்பாலும் அங்கேயே தைத்து மூடிவிட முடிகிறது.

இதையே முன்பெல்லாம் கூரை முழுவதையும் பிரிப்பதுபோல் செய்தார்கள்: பின்தகடு, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் முள், அவற்றைக் கட்டியிருக்கும் நார்கள் எல்லாம் போய்விடும். இப்போது பல இடங்களில் இரண்டு பக்கமும் சிறு சன்னல் திறந்தோ, ஒரே பக்கத்திலிருந்து நுழைந்து முள்ளுக்கு அடியால் மறுபக்கத்தையும் சுத்தம் செய்தோ, நடு அமைப்பை அப்படியே காப்பாற்றுகிறார்கள். நடு அமைப்பைக் காப்பாற்றும் மூன்று முறைகளை நார்வேயில் 437 நோயாளிகளிடம் ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து மூன்றுக்கும் பலன் ஒன்றாகவே இருந்தது. அறுவை மருத்துவர் தனக்குக் கைவந்த வழியில் செய்யட்டும் என்பதுதான் அதன் பொருள்.

எலும்பு இணைப்பு அறுவையின் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. 1911இல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பீ என்ற இருவர் தனித்தனியே முதுகெலும்புகளை இணைத்தார்கள். அவர்கள் எதிர்கொண்டது காசநோய். எலும்பையே தின்று முதுகைக் கூனாக்கும் நோய். அங்கே எலும்பு உண்மையிலேயே இடிந்து விழுந்துகொண்டிருந்தது, முட்டுக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. 1960களில் பாரிஸில் ராய் கமீல், முள்ளெலும்பின் பின்புறத்திலிருந்து அதன் உடற்பகுதிவரை செல்லும் எலும்புத் தண்டின் வழியே ஸ்க்ரூ செலுத்தத் தொடங்கினார். இன்று உலகெங்கும் செய்யப்படும் இணைப்பு அறுவையின் அடித்தளம் அந்த ஸ்க்ரூ. காசநோய்க்கும், எலும்பு முறிவுக்கும், கோணல் முதுகுக்கும் பிறந்த கருவி, கொஞ்சம் கொஞ்சமாக வயதின் தேய்மானத்துக்கும் வந்து சேர்ந்தது. ஆடும் எலும்பால் வலி, ஆட்டத்தை நிறுத்தினால் வலி போகும் என்ற தர்க்கம் கேட்பதற்கு அவ்வளவு இயல்பாக இருந்ததால், அதைச் சோதிக்க வேண்டும் என்று வெகுகாலம் பலருக்குத் தோன்றவில்லை.

ஸ்க்ரூ மட்டும் இணைப்பு ஆகிவிடாது. எலும்போடு எலும்பு வளர்ந்து ஒட்டும்வரை அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை; ஒட்டுவதற்குப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் ஒட்டாவிட்டால் உலோகம் களைத்துத் தளரும், சில வேளை உடையும். புகைபிடிப்பவர்களுக்கு எலும்பு ஒட்டுவது தாமதமாகும் என்பதும், எலும்பு மெலிந்தவர்களுக்கு ஸ்க்ரூ பிடிமானம் இழக்கும் என்பதும் அறுவைக்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டிய விஷயங்கள். டிஸ்க்கை வழித்தெடுத்த இடத்தில் எலும்புத் துகள் நிரப்பிய சிறு கூண்டு ஒன்றையும் வைப்பார்கள். அந்தக் கூண்டை எந்த வழியாகக் கொண்டுபோவது என்பதில்தான் ஆங்கில எழுத்துகளால் ஆன அத்தனை பெயர்களும் பிறந்தன.

பின்வழியாக நேராக நுழைந்தால் இரு பக்க நரம்புகளையும் விலக்கிப் பிடிக்க வேண்டும். ஜெர்மனியின் ஹார்ம்ஸ் 1980களில் பரப்பிய முறையில் ஒரு பக்கத்துப் பின்மூட்டை எடுத்துவிட்டுச் சாய்வாக நுழைகிறார்கள். நரம்பை இழுப்பது குறைகிறது. இன்று மிகப் பரவலாகச் செய்யப்படுவது இந்த டி.எல்.ஐ.எஃப். முறைதான். வயிற்றின் வழியாக முன்புறத்திலிருந்து போனால் முதுகுத் தசையைத் தொடவே வேண்டாம், பெரிய கூண்டு வைக்கலாம், இடுப்பின் இயல்பான வளைவை மீட்கலாம். ஆனால் உடலின் பெரிய ரத்தக் குழாய்கள் அங்கேதான் இரண்டாகப் பிரிகின்றன, அவற்றை விலக்க அனுபவம் வேண்டும். ஆண்களுக்கு விந்து பின்னோக்கிச் செல்லும் சிக்கலும் சிறிய அளவில் உண்டு. இளைஞர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லாமல் விடுவது பெரிய தவறு. விலாப்புறத்தின் வழியாகத் தசையை ஊடுருவிப் போகும் முறையில் தொடை மரத்துப்போவதும், காலைத் தூக்குவதில் பலவீனமும் சிலருக்குச் சில காலம் இருக்கும். இடுப்பெலும்பு மறிப்பதால் கடைசி டிஸ்க்கை அந்த வழியில் எட்டவும் முடியாது. எந்த வழியில் போனாலும் எலும்பு ஒட்டும் விகிதத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. வழிக்கு வழி மாறுவது ஆபத்தின் வகைதான். சிறு துளை வழியே இணைக்கும் முறையில் ரத்த இழப்பு குறைவு, மருத்துவமனையில் இருக்கும் நாட்கள் குறைவு. ஓரிரு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் திறந்த முறையோடு வேறுபாடு மங்கிவிடுகிறது.

இப்போது அந்த இரண்டு ஆய்வுகளுக்குத் திரும்பலாம். ஸ்வீடனில் 247 பேர். சீட்டுக் குலுக்குவதுபோல் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அழுத்த நீக்கம் மட்டும், மறுகுழுவுக்கு அதோடு இணைப்பும். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஆஸ்வெஸ்ட்ரி மதிப்பெண் பார்த்தார்கள். நடப்பது, உட்காருவது, தூங்குவது, எடை தூக்குவது என்று அன்றாடத்தைப் பற்றிப் பத்துப் பகுதிகளாகக் கேட்டு, 0 முதல் 100வரை முடக்கத்தை அளக்கும் கேள்வித்தாள் அது. இணைத்த குழு 27, இணைக்காத குழு 24. ஆறு நிமிடத்தில் நடந்த தூரம் முறையே 397 மீட்டர், 405 மீட்டர். எலும்பு நழுவியிருந்தவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோதும் இதே கதைதான். மருத்துவமனையில் இருந்த நாட்கள் மட்டும் 7.4க்கு 4.1 என்று வேறுபட்டன. பிற்காலத்தில் மறுஅறுவை தேவைப்பட்டவர்கள் இரு பக்கமும் ஐந்தில் ஒருவர்.

அமெரிக்க ஆய்வில் 66 பேர்தான், அனைவருக்கும் எலும்பு நழுவியிருந்தது. உடல்நலத்தை அளக்கும் பொதுவான கேள்வித்தாளில் இணைத்தவர்கள் 15.2 புள்ளிகளும் இணைக்காதவர்கள் 9.5 புள்ளிகளும் முன்னேறினார்கள். ஆஸ்வெஸ்ட்ரி அளவில் புள்ளியியல் உறுதியோடு வேறுபாடு தெரியவில்லை. ஆனால் நான்கு ஆண்டுகளில் மறுஅறுவை, இணைத்தவர்களில் 14 சதவீதம், இணைக்காதவர்களில் 34 சதவீதம். இந்த எண்ணைத்தான் இணைப்பு ஆதரவாளர்கள் தூக்கிப் பிடித்தார்கள்.

எண் உண்மைதான், அதைப் படிக்கும் விதத்தில் கவனம் வேண்டும். அந்த ஆய்வில் இணைப்பு இல்லாத குழுவுக்குச் செய்தது பின்தகட்டை முழுதாக அகற்றும் பழைய முறை. ஏற்கெனவே நழுவியிருக்கும் எலும்பின் கட்டுகளையும் அவிழ்த்துவிட்டால் அது மேலும் நழுவ வாய்ப்பு கூடுவதில் வியப்பில்லை. இன்னொன்று, மறுஅறுவை என்பது நோயின் அளவுகோல் மட்டுமல்ல, மருத்துவரின் மனநிலைக்கும் அளவுகோல். ஸ்க்ரூ போடாதவர் ஓராண்டு கழித்து வலி என்று வந்தால், அடுத்து செய்ய ஒன்று கைவசம் இருக்கிறது. ஏற்கெனவே ஸ்க்ரூ போட்டவர் அதே வலியோடு வந்தால் மாத்திரையும் உடற்பயிற்சியும் எழுதித் தருவார்கள். இருவரின் வலியும் ஒன்றாகவே இருக்கக்கூடும்.

இந்த இழுபறியில் நார்வே 2021இல் தன் பங்கைச் சேர்த்தது. 16 மருத்துவமனைகள், 267 நோயாளிகள், அனைவருக்கும் எலும்பு நழுவல். இங்கே அழுத்தம் நீக்கியது நடு அமைப்பைக் காப்பாற்றும் முறையில். முடக்கம் குறைந்தபட்சம் 30 சதவீதம் குறைந்தால் வெற்றி என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகளில் இணைக்காதவர்களில் 71.4 சதவீதம் பேரும் இணைத்தவர்களில் 72.9 சதவீதம் பேரும் அந்தக் கோட்டைத் தாண்டினார்கள். மறுஅறுவை 12.5க்கு 9.1 சதவீதம். ஐந்தாண்டுக் கணக்கிலும் நிலைமை மாறவில்லை. என் கணிப்பில், எல்4 எல்5 இடத்தில் சிறிய அளவில் நழுவி, காலில் வலியும் நடையில் தடையும் முதன்மைத் தொல்லையாக இருக்கும் வயதானவருக்கு, நடு அமைப்பைக் காப்பாற்றும் அழுத்த நீக்கம் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆனால் சான்று ஒரு பக்கம் போக, நடைமுறை வேறு பக்கம் போயிருக்கிறது. அமெரிக்காவின் முதியோர் காப்பீட்டுத் திட்டக் கணக்குகளை ஆராய்ந்த ரிச்சர்ட் டேயோ குழுவினர் 2010இல் வெளியிட்டது இது: நரம்புக் குழாய்ச் சுருக்கத்துக்குச் செய்யப்பட்ட சிக்கலான இணைப்பு அறுவைகள் 2002க்கும் 2007க்கும் இடையே 15 மடங்கு பெருகின. அந்த ஐந்தாண்டில் முதியவர்களின் முதுகெலும்பு 15 மடங்கு மோசமாகிவிடவில்லை. உயிருக்கு ஆபத்தான சிக்கல்கள் அழுத்த நீக்கத்தில் 2.3 சதவீதம், சிக்கலான இணைப்பில் 5.6 சதவீதம். மருத்துவமனைக் கட்டணம் மூன்று மடங்குக்கும் மேல். உலோகத்துக்கு விலை உண்டு, அதை விற்பவருக்கு ஆர்வமும் உண்டு. பெரிய அறுவைக்குக் கட்டணமும் பெரிது. எல்லா மருத்துவரும் பணத்துக்காகவே செய்கிறார்கள் என்று சொல்வது அநியாயம். ஆனால் இரண்டு முறைகளில் எது என்று சந்தேகம் வரும் இடத்தில் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதைப் பணமும் சேர்ந்து தீர்மானிக்கிறது.

செதுக்கவும் வேண்டாம், இணைக்கவும் வேண்டாம், இரண்டு முள்களுக்கு நடுவே ஒரு சிறு ஆப்பைச் செருகினால் போதும் என்று ஒரு காலத்தில் ஒரு கருவி வந்தது. நெதர்லாந்தில் அதை வழக்கமான அறுவையோடு ஒப்பிட்டபோது வலி குறைவதில் வேறுபாடு இல்லை. மறுஅறுவை மட்டும் 8 சதவீதத்துக்கு எதிராக 29 சதவீதம். மேலே போவோம்.

டிஸ்க் பிதுங்கி ஒரு காலில் வலிப்பவர்களைப் பற்றிய சான்றும் அதே நெதர்லாந்திலிருந்து நிறைய வந்திருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கடுமையாக வலித்த 283 பேரில் ஒரு பாதிக்கு உடனே அறுவை, மறுபாதி காத்திருந்து தேவைப்பட்டால் அறுவை. காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் கடைசியில் அறுவைக்கு வந்தார்கள், மற்றவர்கள் வரவேயில்லை. ஓராண்டு முடிவில் இரு குழுவிலும் 95 சதவீதம் பேர் குணமடைந்ததாகச் சொன்னார்கள். வேறுபாடு வேகத்தில்தான்: குணமடைய ஆன காலத்தில் முதல் குழுவின் நடுமதிப்பு நான்கு வாரம், இரண்டாவதன் நடுமதிப்பு பன்னிரண்டு வாரம். வேலைக்குப் போயாக வேண்டியவருக்கு அந்த எட்டு வாரம் பெரிது. ஓய்வு பெற்றவருக்கு அவ்வளவு பெரிதாக இல்லாமல் போகலாம்.

துளையின் அளவைப் பற்றிய கேள்விக்கும் அங்கே பதில் இருக்கிறது. குழல் வழியே டிஸ்க்கை எடுக்கும் முறையை வழக்கமான நுண்ணோக்கி அறுவையோடு 2009இல் ஒப்பிட்டபோது, குழல் முறை மேலானது என்று நிறுவ முடியவில்லை; வலி அளவில் அது சற்றுப் பின்தங்கியும் இருந்தது. 2022இல் எண்டோஸ்கோப்பியைச் சோதித்தார்கள். பக்கவாட்டில், மயக்கம் கொடுக்காமல், ஒரு பேனா அளவு குழாயை நுழைத்துப் பிதுக்கத்தை எடுக்கும் முறை அது. வழக்கமான அறுவைக்கு அது குறைந்ததல்ல என்று உறுதியானது. நல்ல செய்திதான். ஆனால் அந்த ஆய்வில் பங்கேற்ற பல மருத்துவர்கள் அதைப் புதிதாகக் கற்றவர்கள். கை பழகும்வரை மறுஅறுவை கூடுதலாக இருந்ததும் அதே தரவில் தெரிந்தது. டிஸ்க்கின் நடுவில் லேசரைச் செலுத்தி ஆவியாக்கும் முறைக்கு இப்படிப்பட்ட நற்சான்று இல்லை. ஒப்பிட்ட ஆய்வில் லேசர் செய்துகொண்டவர்களுக்குப் பிற்பாடு வழக்கமான அறுவை தேவைப்பட்டது, மற்றவர்களுக்கான மறுஅறுவையைப்போல் இரு மடங்குக்கும் அதிகமாக. விளம்பரங்களில் ‘லேசர்’ என்ற சொல்லுக்கு இருக்கும் கவர்ச்சிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

மூன்றாமவர், இடுப்பு மட்டும் வலிப்பவர், மிகச் சிக்கலானவர். 2001இல் ஸ்வீடன் ஆய்வு ஒன்று, நாள்பட்ட இடுப்புவலிக்கு இணைப்பு அறுவை வழக்கமான பிசியோதெரபியைவிட மேல் என்றது. ஆனால் 2003இல் நார்வேயிலும் 2005இல் பிரிட்டனிலும் அறுவையை எதிர்த்து நிறுத்தியது வெறும் பிசியோதெரபியை அல்ல. வலியைப் பற்றிய அச்சத்தைப் பேசித் தெளிவித்து, கடுமையான உடற்பயிற்சியையும் சேர்த்துக் கொடுக்கும் திட்டமிட்ட பயிற்சியை. அதன் முன் அறுவையின் மேன்மை நார்வேயில் காணாமல் போனது, பிரிட்டனில் மிகச் சிறியதாகச் சுருங்கியது. எதிராளி யார் என்பதைப் பொறுத்து வெற்றி மாறுகிறது. நம் ஊரில் இவர்களுக்குக் கிடைக்கும் ‘பிசியோதெரபி’ பெரும்பாலும் சூட்டு ஒத்தடமும் மின்தூண்டலும்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவர்களுக்காக வந்த இன்னொரு யோசனை செயற்கை டிஸ்க். அன்றைய கிழக்கு பெர்லினில் அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் கரின் பியூட்னர் யான்ஸ். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கம் வென்றவர், பிறகு எலும்பு மருத்துவரானவர். முதுகெலும்பின் அசைவைப் பூட்டாமல் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு ஜிம்னாஸ்டுக்குத் தோன்றியதில் நியாயம் இருக்கிறது. பயிற்சித் திட்டத்தோடு ஒப்பிட்ட நார்வே ஆய்வில் செயற்கை டிஸ்க் முன்னிலை பெற்றது, ஆஸ்வெஸ்ட்ரியில் 8.4 புள்ளிகள், ஆனால் நோயாளிக்கு உணரும்படியான மாற்றம் என்று அவர்களே முன்கூட்டி வகுத்த அளவை அது தெளிவாகத் தாண்டவில்லை. பின்மூட்டுகள் கெட்டவர்களுக்கும் எலும்பு நழுவியவர்களுக்கும் அதை வைக்கவும் முடியாது. தேய்மான நோயாளிகளில் பெரும்பாலோர் அந்த வகைதான்.

அப்படியானால் ஸ்க்ரூ யாருக்குத் தேவை? குனியும்போதும் நிமிரும்போதும் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு கண்கூடாக நகர்பவர்களுக்கு. நரம்பு வெளியேறும் பக்கத்துளை, டிஸ்க் சரிந்ததால் மேலும் கீழுமாக நசுங்கி, உயரத்தை மீட்டால்தான் நரம்பு விடுபடும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு. அழுத்தத்தை நீக்கவே பின்மூட்டின் பெரும்பகுதியை எடுக்க வேண்டியிருப்பவர்களுக்கு. வயதில் வந்த கோணல் முதுகால் நிமிர முடியாதவர்களுக்கு. இளவயதிலேயே பின்தகட்டில் விரிசல் விழுந்து அதனால் நழுவியவர்களின் கதையும் தனி. அங்கே இணைப்புக்கு வலுவான இடம் உண்டு. இவர்களுக்கு ஸ்க்ரூ வைக்காமல் விடுவதும் தவறுதான். வைத்துவிட்டால் கணக்கு தீர்ந்துவிடுவதும் இல்லை: ஓர் இணைப்பு அசைவை நிறுத்தும்போது மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அந்தப் பாரத்தை ஏற்கின்றன. இணைப்பு அறுவை செய்துகொண்ட 215 பேரை அமெரிக்காவில் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, பக்கத்து மூட்டுக்காக மீண்டும் அறுவை தேவைப்படும் வாய்ப்பைப் பத்தாண்டில் 36 சதவீதம் என்று கணித்தது. அதில் எவ்வளவு இணைப்பின் விளைவு, எவ்வளவு வயதின் இயல்பு என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் திடீர்த் தடை, மர்ம உறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், பாதம் தொங்கிப்போதல் ஆகியவை வந்தால் மேலே சொன்ன எந்த ஒப்பீட்டுக்கும் நேரமில்லை. அன்றே அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்ற எல்லோருக்கும் சில வாரங்களாவது யோசிக்க நேரம் இருக்கிறது. இரண்டாவது கருத்துக் கேட்பதற்கு மருத்துவரிடம் சங்கடப்பட வேண்டியதில்லை. கேட்கப் போகும்போது எம்.ஆர்.ஐ. படத்தை மட்டும் எடுத்துப் போவது போதாது, ஏனென்றால் அது படுக்கவைத்து எடுத்தது. படுத்திருக்கும்போது நழுவிய எலும்பு பல நேரம் தன் இடத்துக்கே திரும்பியிருக்கும். நின்றபடி, குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஸ்க்ரூ போட வேண்டும் என்று சொல்லும் மருத்துவரிடம் அந்த இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, எலும்பு எங்கே எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று காட்டச் சொல்லலாம். காட்டினால் பேச்சை அங்கிருந்து தொடரலாம். அந்தப் படமே எடுக்கவில்லை என்றால், முதலில் எடுக்கச் சொல்ல வேண்டியது அதைத்தான்.